வேன் ஓடும்போது வந்த பதில்கள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அவனுக்குக் கடையிலும் தெருவிலும் ‘பவர்’ என்றுதான் பெயர். யார் வந்து நின்றாலும் முதல் வார்த்தையாக, “பவர் என்ன?” என்று கேட்பான். அதுவே ஒட்டிக்கொண்டது. லென்ஸை ஃப்ரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவது, கழன்ற திருகாணியை முடுக்குவது, மூக்கில் வழுக்கி விழுகிற கண்ணாடியை நிமிர்த்திக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை. நிதானமான கை. வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவன் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். கல்யாணமான புதிதில் அதே பள்ளியின் அலுவலகத்தில் இருந்தவள்தான். பழைய டிரைவர் வேலையை விட்டுப் போனபோது, “நான் ஓட்டிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டு, முதல் தேர்விலேயே லைசென்ஸ் வாங்கி வந்து நின்றாள். அவனும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனவன்தான். தேர்வு நாளில் வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டு, அதிகாரி இறங்குவதற்கு முன்பே தான் இறங்கி வந்துவிட்டான். அதற்குப் பிறகு ஸ்கூட்டரோடு சரி. “உன் வீட்டுக்காரரையும் அப்படியே கடையில இறக்கி விட்டுட்டுப் போம்மா” என்று எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் கிண்டல் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்குள் வரும்வரைகூடத் தாங்கவில்லை.

அவள் ஓட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பிள்ளைகளை ஏற்றிவிட வாசலில் நிற்கிற அப்பாக்கள்தான் அவனுக்கு ஆகவில்லை. அதிலும் அந்தப் பல் டாக்டர். மனைவி வெளிநாட்டில் வேலையில் இருந்ததால் மகளைத் தனியாகப் பார்த்துக்கொள்கிற மனிதர். காலை நேரத்திலேயே தேய்த்த சட்டை, வரிசை பிசகாத பல். ஒருமுறை இருவரும் கடைத்தெருவில் போனபோது எதிரே வந்தவர், “வணக்கம் மேடம், பாப்பா உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேசுவா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று வீட்டுக்கு வந்து, குளியலறைக் கண்ணாடியில் தன் பல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான் பவர்.

அப்போதிருந்துதான் மெசேஜ் ஆரம்பித்தது. ‘கிளம்பிட்டியா’, ‘எங்க இருக்க’, ‘யார் யார் ஏறியாச்சு’, ‘ஏன் பதில் இல்ல’. லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு கண் அதிலும் ஒரு கண் கைப்பேசியிலும் இருக்கும். அவள் வண்டி நிற்கிற இடங்களில் மட்டும் ஒற்றை வார்த்தையில் பதில் போடுவாள். தாமதமானால் அன்று சாயங்காலம் வீட்டில் மூச்சு விட முடியாது.

“காலையில இருந்து மெசேஜ் மேல மெசேஜ் போட்டேன்” என்றான் ஒருநாள், சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு.

“வண்டி ஓட்டிட்டு இருந்தேங்க.”

“ஒரு வார்த்தை போட எவ்வளவு நேரம் ஆகும்?”

“பார்வை ரோட்டுல இருக்கணும். பின்னாடி முழுக்கப் பிள்ளைங்க உக்காந்திருக்கு.”

“உன் போன்ல பார்த்தேன். அந்த டாக்டருக்குப் பதில் போட மட்டும் பார்வை எங்க இருந்துச்சு?”

அவள் கையில் இருந்த கரண்டியை மெல்லக் கீழே வைத்தாள். “பொண்ணுக்குக் காய்ச்சல், இன்னைக்கு வராதுன்னு சொன்னாரு. சரின்னு போட்டேன். வண்டி நின்னுட்டு இருந்தப்ப.”

“என் மெசேஜ் வரும்போது மட்டும் வண்டி ஓடிட்டே இருக்கும் போல.”

அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த சில நாட்களில் ஒரு மாற்றம் வந்தது. அவன் மெசேஜ் போட்டால் பதில் உடனே வர ஆரம்பித்தது. அதுவும் வெறும் பதில் இல்லை. ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டாள். ‘வெயில்ல அலையாதீங்க’ என்றாள். ஒருநாள் அவன் கடுப்பில் ஏதோ எழுத, ‘கோபப்படாதீங்க, சாயங்காலம் வந்து எல்லாம் பேசிக்கலாம்’ என்று வந்தது. பவருக்குக் காலே தரையில் படவில்லை. இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் கண்ணாடியைத் துடைத்து, புதுத் துணி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தான்.

சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. யோசிக்க ஆரம்பித்துவிட்டான். இத்தனை வருடத்தில் அவள் இப்படிப் பேசினவளே இல்லை. ‘ம்’ என்பாள், ‘சரி’ என்பாள். அன்பை எல்லாம் சாப்பாட்டில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிற ரகம். அவளுக்கு இந்தத் தேன் எங்கிருந்து வந்தது? மனதில் கள்ளம் உள்ளவர்கள்தானே இப்படிக் குழைவார்கள்? அது மட்டுமா, ஓடுகிற வண்டியில் போனைத் தொட மாட்டேன் என்றவள் உடனுக்குடன் பதில் போடுகிறாள் என்றால் வண்டி ஓடவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கே நிற்கிறது? யார் வீட்டு வாசலில்?

ஒருநாள் சாயங்காலம் ஆழம் பார்த்தான். “காலையில நீ கேட்டது மனசுக்கு நல்லா இருந்துச்சு.”

“எது?”

“சாப்பிட்டீங்களான்னு கேட்டியே.”

அவள் முகம் ஒரு கணம் வெறுமையாக இருந்தது. பிறகு, “ஓ, ஆமா” என்று சொல்லிவிட்டு, ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரத்தை எடுத்து மறுபடியும் கழுவினாள். அவனுக்கு உள்ளே என்னமோ அறுந்தது. தான் எழுதினதே அவளுக்கு நினைவில்லை. மனதில் இருந்து வந்தால்தானே நினைவிருக்கும்?

மறுநாள், ‘எங்க இருக்க?’ என்று போட்டான். ‘பாலத்துகிட்ட வந்துட்டோம்’ என்று பதில் வந்தது.

வந்துட்டோம். பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். அவனுக்குத் தோன்றவில்லை. ‘வந்துட்டேன்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ஒரு ‘ட்டோம்’ வந்து உட்கார்ந்துகொண்டு அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. வரிசை பிசகாத பல்.

அன்று மதியம் முதலாளியிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தான். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். தெருமுனையில் ஒரு மரத்தடியில் காத்திருந்தான். மஞ்சள் வேன் கேட்டை விட்டு வெளியே வந்ததும், ஒரு கார் நடுவில் இருக்கும்படி பின்னாலேயே போனான். இடதுகைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் கைப்பேசியைச் செருகியிருந்தான். கட்டைவிரல் மட்டும் எழுத்துகளின் மேல் சுதந்திரமாக இருந்தது.

சிக்னலில் நின்றபோது, ‘எங்க இருக்க?’ என்று போட்டான். விளக்கு மாறி வண்டிகள் நகர்ந்தன. வேன் பூங்காவைக் கடந்துகொண்டிருந்தது. பதில் வந்தது: ‘பூங்கா தாண்டிட்டோம்.’

உண்மைதான். கண்ணெதிரே பூங்காவைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுகிற வண்டியில் இருந்து பதில் வருகிறது. அப்படியானால் அவளே ஓட்டிக்கொண்டு எழுதுகிறாளா, இல்லை பக்கத்தில் யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்களா? பின்கண்ணாடியில் வெயில் பட்டுக் கண் கூசியது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. நடுவில் இருந்த கார் ஒரு சந்தில் திரும்பிவிட்டது. இப்போது அவனுக்கும் வேனுக்கும் இடையில் எதுவும் இல்லை.

‘பக்கத்துல யாரு?’ என்று எழுதினான். எழுதும்போது ஸ்கூட்டர் கொஞ்சம் ஆடியது. சரிசெய்துகொண்டான்.

‘டைப்பிங்’ என்று காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. மறுபடியும் நின்றது. என்ன யோசனை இதற்கு? யாரும் இல்லை என்று சொல்ல இவ்வளவு நேரமா? வேன் ஓரம் கட்டுவதற்காக விளக்கை மினுக்கியதை அவன் பார்க்கவில்லை. அது நின்றதையும், பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்ததையும், பக்கவாட்டுக் கதவு திறந்ததையும் பார்க்கவில்லை. கைப்பேசி அதிர்ந்தது. குனிந்தான்.

‘தம்பி, உங்க வீட்டம்மா வண்டி ஓட்டுறாங்க. நான் ஆயா’ என்பது வரைதான் படித்தான்.

தலையைத் தூக்கியபோது வேனின் பின்பக்கம் முகத்துக்கு நேரே இருந்தது. கைப்பிடியை ஒடித்தான். ஸ்கூட்டர் கதவுப் பக்கமாகப் பாய்ந்தது. அங்கே வேன் ஆயா ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பியவள், சிறுமியை அப்படியே படிக்கட்டின் மேல் தள்ளினாள். தான் விலக அவளுக்கு நேரமில்லை. ஸ்கூட்டர் அவள் இடுப்பில் மோதி, அவளையும் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது.

ஓட்டுநர் இருக்கையில் இருந்த அவன் மனைவி முதலில் இன்ஜினை அணைத்தாள். கைபிரேக்கை இழுத்தாள். “யாரும் எழுந்திருக்கக் கூடாது. எல்லாரும் அப்படியே உக்காருங்க” என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அதன் பிறகுதான் இறங்கினாள். படியில் விழுந்து கிடந்த சிறுமியைத் தூக்கி முட்டியைப் பார்த்தாள். சிராய்ப்புதான். இருக்கையில் உட்கார வைத்துவிட்டு ஆயாவிடம் ஓடினாள். ஆயாவின் வலதுகால் பார்க்கவே முடியாதபடி திரும்பிக் கிடந்தது. எதிரே சைக்கிள் பழுது பார்க்கிறவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து, ஆயாவின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டார். மனைவி ஆயாவின் மேல்சட்டைப் பையில் கைவிட்டுத் தன் கைப்பேசியை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். குரல் நடுங்கவில்லை.

பேசி முடித்த பிறகுதான் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். முழங்கை உரிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

“பிரேக் பிடிக்கல” என்றான்.

அவள் ஆயாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். போக்குவரத்துப் பெண் காவலர் ஒருவர் வந்து விசாரித்தபோதும் அவன் அதையே சொன்னான். பிரேக் பிடிக்கவில்லை, புதிதாகப் போட்ட பிரேக், என்ன ஆச்சு என்றே தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே போனான். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“போனைப் பார்த்துட்டே வந்தாரு” என்றாள். “நிறுத்துறதுக்கு முன்னாடி சைடு கண்ணாடியில பார்த்தேன். தலை குனிஞ்சே இருந்துச்சு. எழுதிக்குங்க.”

“நீங்க வேன் டிரைவரா?”

“ஆமா.”

“இவரை உங்களுக்குத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரர்.”

காவலரின் பேனா நின்றது. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுதினார்.

மருத்துவமனையில் அவனுக்குக் கட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். ஆயா அறுவைச் சிகிச்சை அறையில் இருந்தாள். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, இடுப்பிலும் அடி என்றார்கள். நடைக்கூடத்தின் அந்தக் கோடியில் பெஞ்சில் அவன் மனைவி உட்கார்ந்திருந்தாள். பெற்றோர் சிலர் சேதி கேட்டு வந்திருந்தார்கள். ரோட்டில் கல் மாதிரி நின்றவள் இங்கே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பல் டாக்டர் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள்.

பவர் கட்டுப் போட்ட கையோடு நின்று அதைப் பார்த்தான். உள்ளே ஒருத்தியின் எலும்பில் ஆணி அறைந்துகொண்டிருக்கிறார்கள். அது தன்னால்தான். ஆனாலும் அவன் கண் அந்தத் தண்ணீர் பாட்டிலை விட்டு நகரவில்லை. ‘மூடியைத் திறந்தா கொடுக்க வேண்டும்? அவளுக்குத் திறக்கத் தெரியாதா?’ என்று மனம் கேட்டது. அப்படிக் கேட்டதைத் தானே கேட்டு அவனுக்கு உடம்பு கூசியது. இது என்ன மாதிரி ஜென்மம் என்று முதல்முறையாகத் தன்னைப் பற்றியே நினைத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சொன்னாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒருநாள் உங்க மெசேஜ் கீக்கீக்கீன்னு வந்துட்டே இருந்துச்சு. பதில் போடலன்னா சாயங்காலம் என்ன ஆகுமோன்னு ஒரு நொடி எட்டிப் பார்த்தேன். முன்னாடி சைக்கிள்ல ஒருத்தர். எப்படி நிறுத்தினேன்னே தெரியாது. பிள்ளைங்க எல்லாம் முன் சீட்டுல போய் இடிச்சுக்கிச்சு. அன்னைக்கே ஆயாக்கா போனைப் பிடுங்கிக்கிட்டாங்க. ‘இனிமே வண்டி ஓடுற வரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும், யார் மெசேஜ் போட்டாலும் நான் பார்த்துக்கிறேன்’னாங்க.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா? என் மெசேஜை அடுத்தவங்க படிக்கிறதான்னு அதுக்கு ஒரு சண்டை. இல்லன்னு சொல்லுங்க பார்ப்போம்.”



சில நாட்களுக்குப் பிறகு அவன் ஆயாவைப் பார்க்கப் போனான். அவன் மனைவி தினமும் வேலை முடிந்ததும் நேராக அங்கேதான் போவாள். தலை வாரிவிடுவாள், துணி மாற்றிவிடுவாள். அதுகூட அவனுக்கு உறுத்தியது. தன் முழங்கைக் கட்டை அவள் ஒருமுறைகூடத் தொடவில்லை. அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனான்.

ஆயாவின் காலைக் கட்டுப் போட்டுத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண். முகம் வாடியிருந்தாலும் குரலில் தெம்பு இருந்தது.

“உக்காருங்க தம்பி. இந்த ஸ்டூல்ல ஒரு கால் ஆடும், பார்த்து” என்றாள்.

அவன் உட்கார்ந்தான். “எல்லா மெசேஜும் நீங்கதான் படிச்சீங்களா?” என்று கேட்டான்.

“வண்டி ஓடுறப்ப வந்தது எல்லாம்.”

“பதிலும்...”

“அந்தப் பொண்ணு, ‘ஓட்டிட்டு இருக்கேன்னு போடுங்கக்கா’ன்னு மட்டும்தான் சொல்லும். அது மொட்டையா இருக்கேன்னு நான்தான் ரெண்டு வார்த்தை சேர்த்துப் போடுவேன். சாப்பிட்டீங்களா, வெயில்ல அலையாதீங்கன்னு. உங்க கோபம் கொஞ்சம் தணிஞ்சா சாயங்காலம் அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்குமேன்னு.”

அவன் முகம் காதுவரை சூடேறியது. இயந்திரத்துக்குப் பின்னால் நின்று அவன் திரும்பத் திரும்பப் படித்தது, உருகியது, கடைசியில் சந்தேகப்பட்டது எல்லாம் இந்த அம்மாளின் கைவேலை.

“அன்னைக்குப் பக்கத்துல யாருன்னு கேட்டீங்க” என்றாள் ஆயா. “இதுக்கு மேல அந்தப் பொண்ணு மாதிரி எழுதினா தப்பாயிடும்னு தோணுச்சு. உண்மையைச் சொல்லிடலாம்னு போட்டேன். நீங்க பின்னாடியே வந்துட்டிருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“என்னை மன்னிச்சிடுங்க.”

ஆயா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

“ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் நீ எங்க இருக்கன்னு என்னை ஒருநாளும் கேட்டதில்ல. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட. முதல்ல உங்க மெசேஜைப் பார்த்தப்ப எனக்கு இந்தப் பொண்ணு மேல பொறாமையாவே இருந்துச்சு. இப்படி ஒருத்தர் தேடுறாரேன்னு. அப்புறம் படிக்கப் படிக்க மூச்சு முட்டிடுச்சு. படிச்ச எனக்கே அப்படின்னா, அதுக்கு எப்படி இருக்கும்?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கால் உடைஞ்சதை மன்னிச்சிடுறேன். அது போகட்டும். அந்தப் பாப்பா கை என் கையில இருந்துச்சு தம்பி. நான் திரும்பாம இருந்திருந்தா? அதை நினைச்சா மன்னிக்க வரல. வந்தா சொல்லி அனுப்புறேன்.”

வழக்கு நடந்தது. அவன் பிரேக் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. போனைப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன் என்று நீதிபதி முன் நின்று சொன்னான். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள், அபராதமும் விதித்தார்கள். கடைக்குப் பஸ்ஸில் போய்வர ஆரம்பித்தான். ஆயா கைத்தடி ஊன்றி நடந்தாள். வேனின் படி ஏற அவளால் முடியவில்லை. அவளை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தபோது அவன் மனைவி பள்ளி நிர்வாகியின் அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். ‘பெத்தவங்க போன் பண்ணினா பேச ஒரு ஆள் வேணுமில்ல? இத்தனை நாள் அதைத்தான் இவங்க செஞ்சாங்க’ என்று வாதாடி, அலுவலகத்தில் தொலைபேசிக்கு முன் ஆயாவை உட்கார வைத்த பிறகுதான் எழுந்தாள்.

பெற்றோருக்கும் அவள் சொல்லிவிட்டாள். வண்டி ஓடுகிற நேரத்தில் தன் கைப்பேசி அணைந்திருக்கும், அவசரம் என்றால் அலுவலகத்தைக் கூப்பிடலாம். வீட்டில் அவனிடமும் அதையே, அதே குரலில் சொன்னாள். “வண்டி ஓடுறப்ப நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். உங்களுக்கும்தான்.”

முதல் சில மாதங்கள் அவனுக்கு நரகம். காலையில் வேன் கிளம்புகிற நேரம் வந்தால் கட்டைவிரல் தானாகத் துடிக்கும். கைப்பேசியை முதலாளியின் மேஜை இழுப்பறையில் கொடுத்து வைத்தான். கை சும்மா இருந்தாலும் மனம் சும்மா இருக்கவில்லை. இப்போது எந்த வாசலில் நிற்பாள், யார் வணக்கம் சொல்வார்கள் என்று பார்க்காததை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. லென்ஸைக் கையில் எடுத்துத் தேய்ப்பான். தேய்த்து முடிக்கிறபோது கொஞ்சம் அடங்கியிருக்கும். அடுத்த லென்ஸை எடுப்பான்.

அவளும் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். வந்தாள், சமைத்தாள், படுத்தாள். ஒருநாள் சாயங்காலம் அவளாகவே, காய் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“இன்னைக்கு வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு.”

“அப்படியா? என்ன ஆச்சு?”

“பெல்ட் அறுந்துடுச்சு. புதுசா ஒரு மெக்கானிக் வந்திருக்கான், சின்ன வயசு. போன் பண்ணின உடனே வந்துட்டான். வேலை முடியுற வரைக்கும் பிள்ளைங்களுக்கு ஏதோ கதை சொல்லிட்டே இருந்தான். ஒண்ணுகூட அழல. எனக்கே சிரிப்பு தாங்கல.”

அந்தப் பழைய சந்தேகம் மறுபடி எட்டிப் பார்த்தது. எவ்வளவு சின்ன வயசு? என்ன கதை? உனக்கு ஏன் சிரிப்பு? கேள்விகள் வரிசையாக நாக்கின் நுனிக்கு வந்தன. அவள் கத்தியை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ஓடியது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் கூடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அப்புறம்?” என்றான்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காயைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, “அப்புறம் என்ன, கதையில ஒரு கழுதை வந்துச்சு” என்று தொடர்ந்தாள். அவனும் கூடையில் இருந்து ஒரு காயை எடுத்துத் தோல் சீவ ஆரம்பித்தான்.